டெல்லிக்கு வரவேண்டிய குருவி இங்கிலாந்தில் ஏன் குளிர்காலம் கழிக்கிறது?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தெற்கு இங்கிலாந்தின் பறவை நோக்கர்கள் சிலர் ஏரிகளையும் கடற்கரைகளையும் விட்டுவிட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வேலியோரம் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் தேடுவது ஏழெட்டு கிராம் எடையுள்ள ஒரு மங்கலான குருவியை. சிஃப்சாஃப் என்ற கதிர்க்குருவியின் சைபீரியத் துணையினம் அது. அறிவியல் பெயரின் மூன்றாவது சொல்லைக் கொண்டு ‘டிரிஸ்டிஸ்’ என்றும் அதை அழைக்கிறார்கள்.

இந்தத் துணையினம் இனப்பெருக்கம் செய்யும் நிலம் ரஷ்யாவின் பெச்சோரா ஆற்றுப் பகுதியில் தொடங்கி, யூரல் மலைகளைத் தாண்டி, சைபீரியக் காடுகளுக்குள் வெகுதூரம் கிழக்கே செல்கிறது. குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வந்து சேருமிடம் நம் துணைக்கண்டம்: பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளத்தின் தராய்ச் சமவெளி, வங்கதேசம். பரத்பூரின் கருவேல மரங்களிலும் டெல்லியை ஒட்டிய யமுனைக் கரை நாணல்களிலும் நவம்பர் முதல் மார்ச் வரை இதைக் காண்பது எளிது. அங்கே யாரும் இதற்காக நின்று பார்ப்பதில்லை. அதே குருவி இங்கிலாந்தில் தென்பட்டால் செய்தியாகிறது. அந்தச் செய்திக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இங்கிலாந்துக்கு சிஃப்சாஃப் புதிய பறவை அன்று. அங்கே கோடையில் கூடு கட்டுவது ‘கொலிபிட்டா’ என்ற மேற்கு ஐரோப்பியத் துணையினம். அதில் பெரும்பகுதி இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்விடும். சிறு பகுதி தங்கிவிடும். ஸ்காண்டிநேவியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழும் ‘அபியெட்டினஸ்’ துணையினமும் இடையிடையே வந்து சேரும். ஆகவே ஜனவரியில் ஒருவர் தன் குறிப்பேட்டில் ‘சிஃப்சாஃப், ஒன்று’ என்று எழுதிவைத்தால், அந்தப் பறவை பக்கத்துத் தோப்பில் பிறந்ததா, நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்ததா என்று பின்னால் வருபவர் யாராலும் சொல்ல முடியாது. துணையினத்தையும் சேர்த்து எழுதினால் அது தெரிந்துவிடும். காலில் வளையம் இல்லாமல், உடலில் கருவி எதுவும் பொருத்தாமல், ஒரு பறவை எந்த நிலப்பரப்பிலிருந்து வந்தது என்பதைக் கண்ணாலும் காதாலும் மட்டுமே அறிய முடிகிற அரிய வாய்ப்பு இது. துணையினங்களைப் பிரித்துப் பார்ப்பது வெறும் நுணுக்கம் பார்க்கும் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்குவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலசையைப் பற்றிய மிக மலிவான, மிக நேரடியான சான்று இதுதான்.

ஆனால் சான்று செல்லுபடியாக வேண்டுமானால் அடையாளம் சரியாக இருக்கவேண்டும். சிக்கல் அங்கேதான்.

முதலில் நிறம். மேற்கு ஐரோப்பிய சிஃப்சாஃபின் முதுகு ஆலிவ் பச்சை கலந்த பழுப்பு. மார்பில் மெல்லிய மஞ்சள் கீற்றுகள் ஓடும். கண்ணைச் சுற்றியும் புருவக்கோட்டிலும் மஞ்சள் சாயல் இருக்கும். டிரிஸ்டிஸிடம் இந்த மஞ்சள் அநேகமாகக் கிடையாது; சிறகு வளையும் இடத்திலும் சிறகின் அடிப்புறத்திலும் மட்டும் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகு சாம்பல் படர்ந்த பழுப்பு. புருவக்கோடும் கன்னமும் வெளிறிய காவி. வயிறு அழுக்கு வெள்ளை. பச்சை அடியோடு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது: சிறகு இறகுகளின் ஓரத்திலும், வாலிறகுகளின் ஓரத்திலும், வாலுக்கு மேலே இடுப்புப் பகுதியிலும் மெலிதாகத் தெரியும். அலகும் கால்களும் நல்ல கறுப்பு. மேற்கத்திய பறவைகளுக்கும் கால்கள் கருமையாகவே இருக்கும் என்றாலும் அலகில் வெளிறிய பகுதி சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

இதை எழுதுவது எளிது. வேலியோரம் நின்று பார்ப்பது அவ்வளவு எளிதன்று. பறவை ஒரு கிளையில் மூன்று நொடிகூட நிற்பதில்லை; கிளைக்குக் கிளை தாவுகிறது, தாவும்போதெல்லாம் வாலைக் கீழ்நோக்கி ஓர் அசைப்பு அசைக்கிறது. தெற்கு இங்கிலாந்தில் டிசம்பர் பகல் சுமார் எட்டு மணி நேரம்தான். அதிலும் வெயில் சாய்வாக, மஞ்சளாக விழுகிறது. அந்த வெளிச்சத்தில் சாம்பல் குருவி பழுப்பாகத் தெரியும். மேகமூட்டத்தில் பச்சைக் குருவியும் சாம்பலாகிவிடும். புகைப்படக் கருவியின் நிறச் சமநிலை தன் பங்குக்கு இன்னொரு சாயலைச் சேர்க்கும். ஒரே பறவையின் காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றுதானா என்று சந்தேகம் வரும். அபியெட்டினஸ் துணையினத்தில் மங்கிய பறவைகள் உண்டு என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டால், நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

குரல் அப்படி ஏமாற்றுவதில்லை. மேற்கத்திய சிஃப்சாஃபின் அழைப்பொலி ‘ஹுஈட்’ என்று கீழிருந்து மேலே எழும்பி முடியும். டிரிஸ்டிஸின் அழைப்பொலி ஏற்ற இறக்கமில்லாத, ஒற்றை அசையில் நீளும் ‘ஈப்’. தாயைப் பிரிந்த கோழிக்குஞ்சு கத்துவதைப் போல இருக்கும் என்று ஐரோப்பிய நோக்கர்கள் சொல்வார்கள். கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த ஒலியை விளக்கவே தேவையில்லை. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு: இலையுதிர்காலத்தில் மேற்கத்திய இளம் பறவைகள் ‘ஸ்வீயூ’ என்று இறங்கி முடியும் வேறொரு ஒலியையும் எழுப்பும், பழகாத காதுக்கு அது புதிய பறவையின் குரலாகப் படலாம். நேராக நிற்கும் ஒலியா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் கவனிப்பதே வழி. இப்போது கைபேசியில் பதிவுசெய்து ஒலி வரைபடமாக மாற்றிப் பார்த்துவிட முடியும். திரையில் டிரிஸ்டிஸின் அழைப்பு ஏறக்குறைய கிடைக்கோடாக விழும். மற்றது சாய்ந்து மேலேறும். தொலைவில் எடுத்த, இரைச்சல் கலந்த பதிவில்கூட இந்த வேறுபாடு நிற்கும்.

பாட்டு இன்னும் தெளிவு. மேற்கத்திய பறவையின் பாட்டு இரண்டு மூன்று தனித்தனி சுரங்களை மாற்றி மாற்றித் தட்டுவது. சைபீரியப் பறவை வேகமாக, சுரங்களை ஒன்றோடொன்று கோத்து, மேலும் கீழும் அலைந்து பாடும். பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டுச் செய்த சோதனைகளில் கொலிபிட்டாவும் அபியெட்டினஸும் டிரிஸ்டிஸின் பாட்டைத் தங்கள் இனத்தானின் பாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் டிரிஸ்டிஸைத் தனி இனமாகவே கொள்ளவேண்டும் என்ற வாதம் நெடுநாளாக இருக்கிறது. யூரல் மலைகளை ஒட்டிய பகுதிகளில் டிரிஸ்டிஸும் அபியெட்டினஸும் கலந்து இனப்பெருக்கம் செய்வதும், இரண்டு பாட்டுகளையும் கலந்து பாடும் ஆண்கள் அங்கே இருப்பதும் அந்த வாதத்துக்குத் தடையாக நிற்கின்றன. இதே சிஃப்சாஃப் கூட்டத்திலிருந்து ஐபீரியப் பறவையும் கேனரித் தீவுப் பறவையும் குரலாலும் மரபணுவாலும் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் கதிர்க்குருவிகளைக் குரலால் பிரிக்கும் வழக்கமே பழையது. 18ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் தெற்கு இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் பாட்டைக் கேட்டே மூன்று கதிர்க்குருவி இனங்களைத் தனித்தனியாக அறிந்துகொண்டார்.

டிரிஸ்டிஸுக்குப் பெயர் வைக்கப்பட்டது இந்தியாவில். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக 1841இல் வந்து சேர்ந்த எட்வர்ட் பிளித், 1843இல் இதை விவரித்து எழுதினார். நம் தோட்டங்களிலும் புதர்களிலும் குளிர்காலத்தில் ஒலிக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியின் பெயரில் இருக்கும் அதே பிளித்தான். அன்றிலிருந்து இந்தியாவில் இதன் அடையாளம் பெரிய சர்ச்சையாக இருந்ததில்லை. குளிர்காலத்தில் இங்கே வருவதில் மிகப் பெரும்பகுதி இதுவே என்பதால் சர்ச்சைக்கு இடமும் குறைவு.

பிரிட்டனில் நிலைமை வேறு. 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அங்கே ‘சாம்பல் சிஃப்சாஃப்’ பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை எந்த அளவுக்கு நம்புவது என்பதில் கருத்து ஊசலாடியது. டிரிஸ்டிஸின் பரப்பில் மேற்கு ஓரத்துப் பறவைகளில் பச்சையும் மஞ்சளும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவற்றையும் டிரிஸ்டிஸ் என்பதா, அபியெட்டினஸுடன் கலந்தவை என்று தள்ளுவதா என்பதே முடிச்சு. 2005இல் ஆலன் டீன், லார்ஸ் ஸ்வென்சன் இருவரும் பிரிட்டனின் பறவையியல் இதழில் இந்தக் குழப்பத்தை எடுத்து ஆராய்ந்து, நிறத்தையும் குரலையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோலை முன்வைத்தார்கள். அதன் பிறகு, பறவைகளை வலையில் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டி விடும் வளையமிடுபவர்கள் உதவிக்கு வந்தார்கள். வலையில் சிக்கிய பறவையிடமிருந்து உதிரும் ஓர் இறகின் அடித்தண்டே டி.என்.ஏ. சோதனைக்குப் போதும். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் அப்படிச் சோதித்தபோது, களத்தில் டிரிஸ்டிஸ் என்று அடையாளம் கண்ட பறவைகளில் மிகப் பெரும்பாலானவை மரபணுவிலும் டிரிஸ்டிஸாகவே இருந்தன.

பல்லாண்டுகளாகச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட களப் பறவை நோக்கர்களின் கண்ணுக்கும் காதுக்கும் கிடைத்த நியாயம் இது என்றே நான் நினைக்கிறேன். ஒரு வரம்பை மட்டும் மறக்கக் கூடாது. சோதித்தது இழைமணி டி.என்.ஏ.; அது தாய்வழியாக மட்டும் வருவது. தாய் டிரிஸ்டிஸாகவும் தந்தை அபியெட்டினஸாகவும் இருந்தால் சோதனை தந்தையைக் காட்டாது. எனவே நிறம், அழைப்பொலி, மரபணு மூன்றும் ஒத்துப்போகும் பறவைதான் மறுப்புக்கு இடமில்லாத சான்று.

சரி, அந்தப் பறவை ஏன் அங்கே போகிறது? வழக்கமான பதில், வழி தவறிவிட்டது என்பது. அந்தப் பதிலில் அவசரம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூரல் மலையடிவாரத்து நகரமான யெகாதெரின்பர்க்கை வைத்துக்கொள்வோம். அங்கிருந்து டெல்லிக்கு நேர்த்தொலைவு சுமார் 3,400 கிலோமீட்டர். அங்கிருந்து லண்டனுக்கு 3,900 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஐந்நூறு கிலோமீட்டருக்குள்தான். உலகப் படத்தில் பார்க்கும்போது சைபீரியாவும் இங்கிலாந்தும் இரு கோடிகளாகத் தெரிவது வேறு. ஒரு யூரல் குருவிக்கு அவை எட்டும் தொலைவு என்பது வேறு. டெல்லி வழியில் கஜகஸ்தானின் வறண்ட வெளியும் மத்திய ஆசியாவின் மலைத்தொடர்களும் குறுக்கே கிடக்கின்றன. மேற்கு வழியில் காடும் வயலும் ஆறுமாகப் பெரும்பாலும் சமவெளி. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் பிறந்த பறவைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மேற்கு ஓரத்தில் பிறந்ததற்குப் பொருந்துகிறது.

திசையைப் பறவை எங்கிருந்து பெறுகிறது என்பதும் இதில் சேர்கிறது. கதிர்க்குருவிகள் பெரும்பாலும் இரவில் பறப்பவை. முதல் ஆண்டுக் குஞ்சுக்கு வழிகாட்டப் பெற்றோர் கூட வருவதில்லை. எந்தத் திசையில், எவ்வளவு நாள் பறப்பது என்ற கட்டளை பிறவியிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் கருந்தலைக் கதிர்க்குருவிகளைக் கொண்டு செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. தென்மேற்கே போகும் ஜெர்மானியப் பறவைகளையும் தென்கிழக்கே போகும் ஆஸ்திரியப் பறவைகளையும் ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் கலந்து வளர்த்தார். 1991இல் வெளியான முடிவுப்படி, குஞ்சுகள் இரண்டுக்கும் நடுவான திசையைத் தேர்ந்தன. மறு ஆண்டு பீட்டர் பெர்தோல்டும் ஹெல்பிக்கும் உள்ளிட்ட குழு இன்னொன்றைக் காட்டியது: மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்து பிரிட்டனில் குளிர்காலம் கழிக்கும் கருந்தலைக் கதிர்க்குருவிகளின் குஞ்சுகளும், யாரும் கற்றுத்தராமலே, வடமேற்கை நோக்கிய அதே திசையை நாடின. அதாவது ஒரு காலத்தில் ‘தவறான’ திசையாக இருந்தது, அதில் போன பறவைகள் பிழைத்துத் திரும்பியதால், மரபாகிவிட்டது.

சைபீரியக் குருவிகளிலும் இதுதான் நடக்கிறது என்று சொல்லிவிட இந்த ஒரு சோதனை போதாது. ஆனால் வேறொரு சைபீரியப் பறவையிடமிருந்து நெருக்கமான சான்று கிடைத்திருக்கிறது. ரிச்சர்ட்ஸ் நெட்டைக்காலி சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் இனப்பெருக்கம் செய்து, நம்மூர்ப் புல்வெளிகள் உட்படத் தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் குளிர்காலம் கழிப்பது. தெற்கு பிரான்சில் அவை குளிர்காலத்தில் இருப்பதை வழிதவறல் என்றே கருதிவந்தார்கள். பால் துஃபூரும் உடனிருந்தோரும் அவற்றின் மீது, பகல் வெளிச்சத்தைப் பதிந்து பறவை இருந்த இடத்தைக் கணிக்க உதவும் ஒளியளவைக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. அந்தப் பறவைகள் சைபீரியாவுக்குத் திரும்பிச் சென்று, அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் பிரான்சுக்கே வந்தன. அது விபத்தன்று, கிழக்கிலிருந்து மேற்கே உருவாகிவரும் புதிய வலசைப் பாதை. மஞ்சள் புருவக் கதிர்க்குருவி என்ற இன்னொரு சைபீரியப் பறவையும் மேற்கு ஐரோப்பாவில் இலையுதிர்காலந்தோறும் பெருகி வருவதைச் சேர்த்துப் பார்த்தால், டிரிஸ்டிஸைத் தனித்த விபத்துகளின் தொகுப்பாக மட்டும் பார்ப்பது கடினம். அது பிரிட்டனுக்கு வரும் காலமும் ஒழுங்காகவே இருக்கிறது: உள்ளூர் சிஃப்சாஃபின் பெருவாரியான வலசை முடிந்த பிறகு, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. தொலைதூரத்திலிருந்து வரும் பறவையிடம் எதிர்பார்க்கக்கூடிய தாமதம் அது.

வந்து சேர்ந்தபின் பிழைக்கவேண்டும். சிஃப்சாஃப் பூச்சி தின்னும் பறவை. உறைபனிக் காலையில் பூச்சிக்கு எங்கே போவது? கழிவுநீர் நிலையம் இங்கேதான் வருகிறது. பழைய பாணி நிலையங்களில் சல்லிக்கற்கள் நிரப்பிய பெரிய வட்டத் தொட்டிகள் இருக்கும். நடுத்தண்டிலிருந்து நீளும் துளைக்குழாய்கள் மெதுவாகச் சுழன்று கற்களின் மேல் கழிவுநீரைத் தெளித்துக்கொண்டே இருக்கும். வீடுகளிலிருந்து வரும் அந்த நீர் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பானது. கற்களின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைத் தின்று, குளியலறைச் சுவரில் நாம் பார்க்கும் அந்தச் சின்னஞ்சிறு சாக்கடை ஈக்களின் புழுக்கள் குளிர்காலத்திலும் வளர்கின்றன. சுற்றியுள்ள வயல்கள் வெள்ளை பூத்துக் கிடக்கும் காலையிலும் தொட்டியின் மேல் ஈக்கள் பறக்கும். கதிர்க்குருவிகள் தொட்டி விளிம்பில் நின்று எம்பிப் பிடித்துவிட்டு, வேலியோர வில்லோ மரத்துக்கும் முட்புதருக்கும் திரும்பும். மேற்கத்திய சிஃப்சாஃப்கள் அங்கே கூடுவதால் அவற்றோடு ஒன்றிரண்டு டிரிஸ்டிஸும் சேர்ந்துகொள்கின்றன. அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பல ஊர்களில் இந்தத் திறந்த கல்தொட்டிகளை எடுத்துவிட்டு வேறு முறைகளுக்கு மாறிவருகிறார்கள். நீரின் தரத்துக்கு அது நல்லது; ஈ இல்லாத இடத்தில் குருவி நிற்காது.

தமிழ்நாட்டில் இதே ஆர்வத்தைச் செலுத்த சிஃப்சாஃப் உதவாது. தெற்கே வரவர அது அரிதாகிவிடும். நம் தோப்புகளில் குளிர்காலம் முழுதும் கேட்கும் இலைக் கதிர்க்குருவிக் குரல்கள் பெரும்பாலும் வேறு இனங்களுடையவை. ஆனால் வயல்வெளிகளில் வாலாட்டிகள் இருக்கின்றன. மஞ்சள் வாலாட்டியிலும் வெள்ளை வாலாட்டியிலும் பல துணையினங்கள் இந்தியாவுக்கு வருகின்றன. ஆண் பறவையின் தலை நிறமும் முகக் கோடுகளும் அவற்றைப் பிரித்துக் காட்டும். மார்ச் மாதத்தில் புதிய இறகு முளைத்து நிறம் ஏறும்போது அவை இன்னும் எளிது. ‘மஞ்சள் வாலாட்டி, இருபது’ என்பதோடு நிறுத்தாமல், தெளிவாகத் தெரிந்தவற்றை மட்டுமாவது துணையினத்தோடு பதிவதும், மற்றவற்றை இனப்பெயரோடு விட்டுவிடுவதும் நல்ல வழக்கம். சந்தேகமானதைத் துணையினம் என்று எழுதுவதைவிட எழுதாமல் விடுவதே மேல். பறவை நோக்கர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் சைபீரிய சிஃப்சாஃப் உட்படப் பல துணையினக் குழுக்களுக்குத் தனி இடமே இருக்கிறது.

களத்தில் ஒரு கட்டுப்பாடும் வேண்டும். ஐயத்தைத் தீர்க்கப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது பலரின் வழக்கம். எட்டு மணி நேரப் பகலுக்குள் பதினாறு மணி நேர இரவைத் தாங்கும் அளவுக்குத் தின்று முடிக்கவேண்டிய பறவை அது. அதன் நேரத்தை நம் பட்டியலுக்காகப் பறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. குளிர்காலம் கழிக்கும் குருவி பெரும்பாலும் அதே சில மரங்களையே சுற்றிவரும். மறுநாளும் அங்கே பார்க்கலாம். டிசம்பரில் மௌனமாக இருந்து, நிறத்தால் மட்டும் முடிவு சொல்ல முடியாமல் போன சாம்பல் பறவையைக் கைவிட்டுவிட வேண்டாம். வெயில் ஏறும் மார்ச் கடைசியில், கிளம்புவதற்கு முன், ஆண் பறவைகள் பாடத் தொடங்கும். சுரங்கள் தனித்தனியாகத் தட்டினால் அது உள்ளூர்ப் பறவை. வேகமாகக் கோத்து அலைந்தால் சைபீரியாவிலிருந்து வந்தது. கைபேசியில் அரை நிமிடப் பதிவு இருந்தால் போதும், நான்கு மாதச் சந்தேகம் தீர்ந்துவிடும்.